டியூப் கம்ப்ரஸர் அமுக்க மறுத்தால்: எல்ஏ-2ஏ வகை யூனிட்டில் பழுதைத் தேடும் வரிசை

உங்களிடம் எல்ஏ-2ஏ வகை டியூப் கம்ப்ரஸர், அதாவது உரத்த ஒலியைத் தானாக அமுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. ஒலி வருகிறது, ஆனால் அமுக்கத்தைக் கூட்டும் பீக் ரிடக்‌ஷன் குமிழை எவ்வளவு திருப்பினாலும் மீட்டரின் முள் அசையவில்லை. அல்லது குமிழைத் தொடாமலேயே ஒலி அமுங்கிக் கிடக்கிறது. டி4 என்ற செல்தான் ஒலியை அமுக்குகிறது; யாரிடம் கேட்டாலும் "டி4 போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்பதே முதலில் வரும் பதிலாக இருக்கும். என் மேசைக்கு வந்த ஒரு குளோன் (மூல யூனிட்டைப் பார்த்துச் செய்த நகல்) யூனிட்டுக்கும் இதே தீர்ப்புதான் ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்தது. கடைசியில் பழுதாக இருந்தது, டிரைவர் டியூபின் ஸ்கிரீன் என்ற காலுக்குச் செல்லும் ரெசிஸ்டர். அதன் விலை பத்து ரூபாய்கூட இராது. டி4 என்பதோ இந்த யூனிட்டிலேயே விலை கூடியதும், வெளிநாட்டிலிருந்து வரவேண்டியதுமான பாகங்களில் ஒன்று. ஆகவே அதை ஆர்டர் செய்வதற்கு முன் எந்தெந்த இடத்தில், எந்த வரிசையில் அளந்து பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன். சாலிடரிங் செய்யத் தெரிந்து, மல்டிமீட்டரைப் பிடிக்கப் பழகி, டியூப் சர்க்யூட்டுக்குப் புதியவராக இருப்பவருக்காக எழுதப்பட்டது இது.

1. சிக்னல் போகும் பாதையை மனத்தில் வாங்குங்கள்

இன்புட் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் சிக்னல் ஒரு தொடர் ரெசிஸ்டரைக் கடந்து கெயின் குமிழுக்குப் போகிறது. அந்த இடத்திலிருந்து கிரவுண்டுக்கு டி4 செல்லுக்குள் இருக்கும் ஓர் எல்டிஆர் (ஒளி பட்டால் தடை குறையும் ரெசிஸ்டர்) இணைந்திருக்கிறது. கெயின் குமிழுக்குப் பிறகு 12ஏஎக்ஸ்7 டியூப், அதன் பின் 12பிஎச்7 டியூப், அதன் பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்: இது ஒலிப்பாதை. சிக்னலின் இன்னொரு கிளை பீக் ரிடக்‌ஷன் குமிழ் வழியாக இரண்டாவது 12ஏஎக்ஸ்7-க்கும், அங்கிருந்து 6ஏக்யூ5 என்ற டிரைவர் டியூபுக்கும் போய், டி4-க்குள் இருக்கும் இஎல் பேனலை (மின்சாரத்தால் ஒளிரும் தகடு) ஒளிரச் செய்கிறது: இது சைடுசெயின். பேனல் ஒளிர்ந்தால் எல்டிஆரின் தடை குறையும், தடை குறைந்தால் சிக்னலின் ஒரு பகுதி கிரவுண்டுக்கு வழிந்துவிடும், ஒலி அமுங்கும். டி4-க்குள் இருக்கும் இரண்டாவது எல்டிஆர் மீட்டருக்கு மட்டுமே வேலை செய்கிறது. மீட்டர் சொல்வதும் காது கேட்பதும் தனித்தனி எல்டிஆர்களிலிருந்து வருகின்றன என்பதை மறந்துவிடாதீர்கள். புதியவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான்.

2. சேஸியைத் திறக்கும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டிய ஆவணங்கள்

உங்கள் யூனிட்டின் அதே பதிப்புக்குரிய சர்க்யூட் வரைபடம் வேண்டும். குளோன்களில் ரெசிஸ்டர் மதிப்புகளும் பவர் சப்ளையும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால், மூல யூனிட்டின் வரைபடத்தை வைத்துக்கொண்டு குளோனைச் சரிபார்க்கத் தொடங்கினால் நல்ல பாகங்களையெல்லாம் பழுதென்று கழற்றிவிடுவீர்கள். விற்றவரிடமோ கிட் தயாரித்தவரிடமோ வரைபடம், பாகப் பட்டியல், மின்னழுத்த அட்டவணை ஆகிய மூன்றையும் எழுதிக் கேளுங்கள். பதில் வரச் சில நாட்கள் ஆகலாம்; அந்த இடைவெளியில் மூன்று வகை டியூப்களின் டேட்டாஷீட்டுகளையும் இறக்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். அவை இலவசமாகவே கிடைக்கும்.

கால்களின் எண்களை இப்போதே வரைபடத்தில் குறித்துவிடலாம். கேத்தோடை ஹீட்டர் சூடாக்கும், அங்கிருந்து பிளேட்டுக்கு ஓடும் மின்னோட்டத்தைக் கிரிட் கட்டுப்படுத்தும், ஸ்கிரீன் என்பது கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையிலுள்ள இன்னொரு கிரிட். 12ஏஎக்ஸ்7, 12பிஎச்7 இரண்டிலும் 1, 6 பிளேட். 2, 7 கிரிட். 3, 8 கேத்தோட். 4, 5, 9 ஹீட்டர். 6ஏக்யூ5-இல் 1, 7 இரண்டும் கிரிட், 2 கேத்தோட், 3, 4 ஹீட்டர், 5 பிளேட், 6 ஸ்கிரீன். சாக்கெட்டைக் கீழிருந்து, அதாவது சாலிடர் செய்யும் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, இடைவெளிக்கு அடுத்த கால் 1 எனத் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணிவிட்டுக் கீழே அளப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

எதையும் அசைப்பதற்கு முன் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில், பல கோணங்களில் படம் எடுத்து வையுங்கள். யூனிட் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு ரசீதுடன் விற்றவரை அணுகுங்கள். சாலிடர் பட்ட யூனிட்டை எவரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

3. உயிருக்கு ஆபத்தான பகுதி

உள்ளே 250 வோல்ட்டையும் தாண்டும் நேர்மின்சாரம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். 22 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் உள்ள கிளிப் வயர்களைச் சாலிடர் செய்து, ஒரு முனையைச் சேஸியிலும் மறு முனையைக் கெபாசிட்டரின் நேர் முனையிலும் அரை நிமிடம் பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரை வைத்து, சில வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டதை உறுதிசெய்த பின்னரே கையை உள்ளே விடுங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்யும் வழக்கம் கெபாசிட்டருக்கும் கெடுதி, கண்ணுக்கும் கெடுதி.

மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால், கறுப்பு முனையைக் கிளிப்பால் சேஸியில் மாட்டிவிட்டு, இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் நகர்த்துங்கள். 600 வோல்ட் தாங்கும் என்று அச்சிடப்பட்ட மல்டிமீட்டரும் முனைவயர்களும் தேவை. வீட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

நெடுநாள் கிடந்த யூனிட்டையோ, ஃபியூஸ் போன யூனிட்டையோ நேராகப் பிளக்கில் செருகக் கூடாது. 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த பலகை மூலம் மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட் இருக்கிறது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு இணைந்திருக்கும்போது எடுக்கும் மின்னழுத்த அளவுகள் எல்லாம் குறைவாகவே காட்டும் என்பதால் அவற்றைக் குறித்துவைத்துப் பயனில்லை.

4. பழுதல்லாதவற்றை முதலில் விலக்குங்கள்

ஒலி அமுங்கிய பின் மீண்டு வருவது மெதுவாக இருக்கிறது என்று பலர் முறையிடுகிறார்கள். அது இந்தச் செல்லின் இயல்பு. முதல் பாதி ஏறத்தாழ 60 மில்லி நொடியில் மீளும். மீதிப் பாதி ஒரு நொடியிலிருந்து பல நொடிகள் வரை எடுத்துக்கொள்ளும். முன்னர் எவ்வளவு அமுங்கியிருந்தது, எவ்வளவு நேரம் அமுங்கியிருந்தது என்பதைப் பொறுத்து அது மாறும். லிமிட், கம்ப்ரஸ் என்ற இரு நிலைகளுக்கும் இடையே வேறுபாடே தெரியவில்லை என்பதும் பழுதல்ல. மிதமான அமுக்கத்தில் அந்த வேறுபாடு சிறியதுதான். கீழ்ச்சுருதி ஒலிகளுக்கு மட்டும் கம்ப்ரஸர் அசையவில்லை என்றால், ஹெச்எஃப் எனக் குறிக்கப்பட்டிருக்கும் சிறு பிரீசெட்டை (ஸ்குரூடிரைவரால் திருப்பும் குமிழ்) யாரோ திருப்பியிருக்கிறார்கள். அதைத் தட்டையான நிலைக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

சோதனை சிக்னல் கொடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. கைபேசியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிளை நேராகப் பேலன்ஸ்டு இன்புட்டில் (இரு வயர்களின் வேறுபாட்டை மட்டும் எடுக்கும் இன்புட்) செருகினால், இடதும் வலதும் ஒரே சிக்னலாக இருப்பதால் ஒன்றையொன்று அழித்துவிடும். இன்புட்டில் ஏறக்குறைய ஒன்றுமே இராது. கம்ப்ரஸர் செத்துவிட்டது என்று நினைப்பீர்கள். பிளக்கின் நுனியை எக்ஸ்எல்ஆர் 2-ஆம் காலுக்கும், அடிப்பகுதியை 1, 3 ஆகிய இரண்டுக்கும் இணைத்து, நடு வளையத்தை விட்டுவிடுங்கள்.

சோதனைக்கான ஒரே சுருதி ஒலி (டோன்) 1000 ஹெர்ட்ஸில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மலிவான மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசி அளவைச் சரியாகக் காட்டாது. உங்கள் மீட்டரின் கையேட்டில் அந்த எல்லையைப் பார்த்துவிட்டு, ஐயமிருந்தால் 300 அல்லது 400 ஹெர்ட்ஸ் டோனையே பயன்படுத்துங்கள். இன்புட்டில் 0.775 வோல்ட், அதாவது 0 டிபியு, இருந்தால் போதும்.

5. மின்சாரமும் ஹீட்டரும்

மூல அமெரிக்க யூனிட்டாக இருந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி 115 வோல்ட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊரின் 230 வோல்ட்டில் அதைச் செருகிய அடுத்த கணமே பழுதுகளின் பட்டியல் நீண்டுவிடும்.

எல்லா டியூபின் ஹீட்டரும் ஒளிர்கின்றனவா என்று பாருங்கள். ஒரு டியூப் மட்டும் குளிர்ந்திருந்தால், பழுது அதனிடமோ அதன் சாக்கெட்டிடமோ இருக்கிறது. ஹீட்டர் கால்களில் ஏசி 6.3 வோல்ட் இருக்க வேண்டும். பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். 12பிஎச்7 கிடைக்கவில்லை என்று கால்கள் பொருந்தும் 12ஏயூ7-ஐச் செருகும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. 12பிஎச்7 ஹீட்டருக்கு மட்டுமே அதைப் போல் இரு மடங்கு மின்னோட்டம் எடுக்கும் பெரிய டியூப். அவுட்புட் நிலைக்குத் தேவையான வலு 12ஏயூ7-இல் இல்லை.

இனிப் பிரதான சப்ளையை அளந்து வரைபடத்தின் எண்ணுடன் ஒப்பிடுங்கள். அதே இடத்தில் ஏசி நிலையில் வைத்துப் பார்த்தால் ரிப்பிள், அதாவது டிசியில் எஞ்சிய ஏசி அலைவு, தெரியும். டிசி சரியாக இருந்து ஏசி பல வோல்ட் காட்டினால் ஃபில்டர் கெபாசிட்டர் உலர்ந்துவிட்டது. மீட்டரை ஏசிக்கு மாற்றும்போது டிசியையும் சேர்த்துக் காட்டும் மலிவான கருவிகள் உண்டு, 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர் ஒன்றைச் சிவப்பு முனையில் தொடராக வைத்து அளந்தால் அந்தக் குழப்பம் நேராது.

6. தீர்மானிக்கும் அளவு: இஎல் பேனலின் கால்களில் ஏசி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். டோனைக் கொடுத்து, பீக் ரிடக்‌ஷனை முழுதும் திருப்பி, டி4 சாக்கெட்டில் இஎல் பேனலுக்குரிய கால்களை வரைபடத்தில் பார்த்து, அங்கே ஏசி மின்னழுத்தத்தை அளவிடுங்கள். இஎல் பேனல் ஏசிக்குத்தான் ஒளிரும்; டிசி கொடுத்தால் ஒளிராது.

பல பத்து வோல்ட் ஏசி அங்கே இருந்து, குமிழைத் திருப்பத் திருப்ப அது ஏறி இறங்கியும், ஒலி அமுங்கவில்லை என்றால் சைடுசெயின் நலமாக இருக்கிறது, டி4-ஐச் சந்தேகிக்கலாம். ஒன்றுமே இல்லை, அல்லது ஓரிரு வோல்ட்தான் என்றால், டி4 பெரும்பாலும் குற்றமற்றது. 7-ஆம் படிக்குப் போங்கள். குமிழைப் பூஜ்யத்தில் வைத்த பிறகும் ஏசி கணிசமாக நின்றால் 8-ஆம் படி.

அதே கால்களில் டிசியையும் அளந்துவிடுங்கள். டிரைவர் பிளேட்டிலிருந்து பேனலுக்குக் கெபாசிட்டர் வழியாகச் சிக்னல் போகும் யூனிட்டில் டிசி பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கெபாசிட்டர் கசிகிறது.

7. பேனலுக்குச் சிக்னல் வரவில்லை

செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். ஒலிப்பாதையில் இருக்கும் 12ஏஎக்ஸ்7-ஐயும் சைடுசெயினில் இருக்கும் 12ஏஎக்ஸ்7-ஐயும் மின்சாரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, இடம் மாற்றிச் செருகுங்கள். இப்போது அமுக்கம் திரும்பி வந்து, ஒலி குறைந்துவிட்டால் டியூப்தான் பழுது. எதுவும் மாறவில்லை என்றால் அந்த இரண்டையும் விட்டுவிடலாம். 6ஏக்யூ5-க்கு இப்படி மாற்றிப் பார்க்க உள்ளே துணையில்லை என்பதால் அதில் ஒன்றை மட்டும் உபரியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஐரோப்பியப் பெயரான இஎல்90-ஐக் கேட்டாலும் அதே டியூப் கிடைக்கும்.

பிறகு டிசி அளவுகள். 12ஏஎக்ஸ்7 நிலை ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சப்ளை 240 வோல்ட், பிளேட் ரெசிஸ்டர் 100 கிலோஓம், பிளேட்டில் 150 வோல்ட் என்றால், 90 வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது, ஆகவே 0.9 மில்லியாம்பியர் ஓடுகிறது. கேத்தோட் ரெசிஸ்டர் 1.5 கிலோஓம் என்றால் கேத்தோடில் 1.35 வோல்ட் இருக்க வேண்டும். இந்த இரு எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அந்த நிலையைக் கடந்துவிடலாம். பிளேட்டில் முழுச் சப்ளையும் அப்படியே இருந்தால் டியூப் மின்னோட்டம் எடுக்கவில்லை: ஹீட்டர், சாக்கெட் பிடிப்பு, கேத்தோட் ரெசிஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். பிளேட் மிகத் தாழ்ந்திருந்தால் ஒன்று பிளேட் ரெசிஸ்டரின் மதிப்பு உயர்ந்துவிட்டது, அல்லது முந்தைய நிலையிலிருந்து சிக்னலை மட்டும் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்து கிரிட்டை நேர்மறையாக்குகிறது. கசிவைக் கண்டுபிடிக்க, அந்த டியூபைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுத்து, கெபாசிட்டரின் கிரிட் பக்கத்தில் டிசியை அளவிடுங்கள். முள் ஒருமுறை எழுந்து பூஜ்யத்துக்கு விழ வேண்டும். அரை வோல்ட்டோ அதற்கு மேலோ நிலையாக நின்றால் அந்தக் கெபாசிட்டரை மாற்றுங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று ஒலி வந்தால் குமிழைச் சுத்தம் செய்வதற்கு முன் இதே கசிவைத் தேடுங்கள், ஏனெனில் குமிழில் டிசி ஏறினாலும் கரகரக்கும்.

6ஏக்யூ5-இல் பிளேட்டை மட்டும் அளந்துவிட்டுத் திருப்தியடையாதீர்கள். என்னிடம் வந்த யூனிட்டில் 5-ஆம் காலில் இருக்க வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மின்னழுத்தம் இருந்தது, கேத்தோடில் பூஜ்யம், 6-ஆம் காலில், அதாவது ஸ்கிரீனில், ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஸ்கிரீன் ரெசிஸ்டர் பார்வைக்குப் பளபளப்பாகத்தான் இருந்தது; ஒரு காலைக் கழற்றி அளந்தபோது முடிவிலித் தடை. மரக்குச்சியால் மெல்லத் தள்ளியபோது உடலில் முடிபோன்ற ஒரு விரிசல் வாய் திறந்தது. ஸ்கிரீனில் மின்னழுத்தம் இல்லாத இவ்வகை டியூப் ஏறக்குறைய மின்னோட்டமே எடுக்காது என்பதால் பேனலுக்கு எதுவும் போகவில்லை. பிளேட் உயர்வு, கேத்தோட் பூஜ்யம் என்ற இணையைப் பார்த்ததும் ஸ்கிரீனைத் தேடுங்கள்.

12பிஎச்7-ஐ அளக்கும்போது ஒரு பகுதியின் கேத்தோடில் நூறு வோல்ட்டுக்கு மேல் கண்டால் பதற வேண்டாம். இரு பகுதிகளும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அமைப்பில் மேல் பகுதியின் கேத்தோட் அப்படித்தான் நிற்கும்.

8. குமிழ் பூஜ்யத்திலும் ஒலி அமுங்கியே இருக்கிறது

மின்சாரத்தை நிறுத்தி டி4-ஐப் பிடுங்கிவிட்டு மீண்டும் கேளுங்கள். எல்டிஆர் கிரவுண்டுக்கு இணைந்திருப்பதால் அது இல்லாமலும் ஒலிப்பாதை திறந்திருக்கும். ஒலி முழு அளவில் திரும்பிவிட்டால், ஒன்று எல்டிஆர் தாழ்தடையில் சிக்கியிருக்கிறது, அல்லது பேனல் ஓயாமல் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது. குமிழுக்குப் பிந்தைய சர்க்யூட்டில் ஹம் (மின்சார இரைச்சல்) புகுந்து, 50 அல்லது 100 ஹெர்ட்ஸ் ஏசி பேனலை எரியவிட்டிருக்கும். அந்த ஹம் ஒலிப்பாதையில் இல்லாததால் காதுக்குக் கேட்பதே இல்லை. டிரைவருக்கான சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டரையும், ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே கசியும் டியூபையும், குமிழிலிருந்து கிரிட்டுக்குப் போகும் ஷீல்டு வயரின் கிரவுண்டையும் இந்த வரிசையில் பாருங்கள். ஃபில்டர் கெபாசிட்டரை மாற்றும்போது 450 வோல்ட், 105 டிகிரி வகையை வாங்குங்கள்; துருவம் மாறிவிட்டால் அது வெடிக்கும்.

டி4 இல்லாமலும் ஒலி அமுங்கியே இருந்தால் பழுது சைடுசெயினில் இல்லை, ஒலிப்பாதையில் இருக்கிறது. 7-ஆம் படியின் கணக்கை ஒலிப்பாதை டியூப்களில் செய்யுங்கள்.

9. டி4-ஐச் சோதிப்பது

கழற்றிய செல்லை மூடியுடனேயே இருட்டான இடத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு, ஒவ்வொரு எல்டிஆரையும் ஓம் நிலையில் அளவிடுங்கள். மெகாஓம் கணக்கில் இருக்க வேண்டும். சில கிலோஓமில் நின்றால் செல் பழுது. மூடியைத் திறக்கக்கூடிய வகையாக இருந்தால், யூனிட்டிலேயே செருகி, அறையை இருட்டாக்கி, டோன் கொடுத்துப் பாருங்கள்: நீலம் கலந்த பச்சையில் பேனல் ஒளிர வேண்டும். பழைய பேனல்கள் ஆண்டுகள் செல்லச் செல்ல மங்கும்; அப்போது அமுக்கம் முற்றாக நிற்காமல் குறைந்துகொண்டே வரும். மூடி திறந்திருக்கும்போது கையை அதனருகே கொண்டுபோகாதீர்கள். அந்தக் கால்களில் உள்ள ஏசி கடிக்கும். பேனல் ஒளிர்கிறதா என்று பார்க்க வீட்டு மின்சாரத்தை நேராக அதில் கொடுக்கும் ஆலோசனையையும் ஏற்காதீர்கள்.

எல்டிஆர் வெயிலையோ டியூப்லைட்டையோ பார்த்துவிட்டால் அதன் பழைய நிலைக்குத் திரும்ப நேரமெடுக்கும். மூடிய பிறகு ஓர் இரவு கழித்தே மறுபடி அளவிடுங்கள். இவற்றில் காட்மியம் இருப்பதால் உடைத்துக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவோடு சேருங்கள்.

காதுக்கு அமுக்கம் கேட்கிறது, மீட்டர் மட்டும் அசையவில்லை அல்லது பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால், முதலில் மீட்டர் சுவிட்ச் கெயின் ரிடக்‌ஷன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் சூடேறிய பின்னரே முன்புற ஜீரோ பிரீசெட்டைத் திருப்புங்கள். குளிர்ந்த யூனிட்டில் சரிசெய்த பூஜ்யம் நகர்ந்துவிடும்.

10. வாங்குவதும் காத்திருப்பதும்

ரெசிஸ்டர்கள், ஃபிலிம் கெபாசிட்டர்கள், எலக்ட்ரோலிட்டிக்குகள் எல்லாம் சென்னையின் ரிச்சி தெரு போன்ற இடங்களில் அன்றே கிடைக்கும். மொத்தமாகச் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எலக்ட்ரோலிட்டிக் வாங்கும்போது உற்பத்தித் தேதிக் குறியீட்டைப் பாருங்கள். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை வாங்கினால் பழையதைக் கழற்றிப் பழையதையே மாட்டியதாகும். டியூப்கள் இணையத்தில் கிடைக்கின்றன. கடைக்குக் கடை விலை பெரிதும் மாறும், பழைய இருப்பு என்ற பெயரில் கேட்கப்படும் கூடுதல் விலைக்கு சைடுசெயினில் எந்தப் பயனும் இல்லை.

டி4-ஐ வெளிநாட்டிலிருந்து தருவிக்க நேர்ந்தால், செல்லின் விலையோடு கூரியர், சுங்க வரி, ஐஜிஎஸ்டி ஆகியவற்றையும் கூட்டிக் கணக்கிடுங்கள். கூரியர் நிறுவனம் அடையாளச் சான்றும் விலைப்பட்டியலும் கேட்கும்; அவற்றின் பிரதிகளை முன்கூட்டியே வைத்திருந்தால் பார்சல் சுங்கத்தில் தேங்காது. வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் என்றே திட்டமிடுங்கள். ஆர்டர் செய்யும்போது உங்கள் சாக்கெட்டின் கால் இணைப்பு வரைபடத்தை விற்பவருக்கு அனுப்பி, பொருந்துமா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள்.

11. சரிசெய்த பின்

முதல் முறை மீண்டும் பல்புப் பலகை மூலமே மின்சாரம் கொடுங்கள். பிறகு நேரடியாக இணைத்து, அரை மணி நேரம் கழித்து, 0.775 வோல்ட் டோனில் பீக் ரிடக்‌ஷனை 0, 25, 50, 75, 100 என்ற நிலைகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் மீட்டர் காட்டும் அமுக்கத்தையும் அவுட்புட்டில் அளந்த வோல்ட்டையும் எழுதுங்கள். அவுட்புட் வோல்ட் பாதியாகக் குறையும் இடத்தில் மீட்டர் 6 டெசிபெல்லை ஒட்டிக் காட்ட வேண்டும். ஓரிரு டெசிபெல் விலகினால் இரு எல்டிஆர்களும் சரியாக ஒத்துப்போகவில்லை என்று பொருள். ஒலிக்கு அதனால் தீங்கில்லை. இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு அதே அளவுகளை மறுபடி எடுத்து, முதல் பட்டியலுடன் ஒப்பிட்ட பிறகு மூடியைப் போடுங்கள்.

பவர் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகிக் கருகிய வாடை வீசினாலோ, ஃபியூஸ் இரண்டாம் முறையும் போனாலோ, இன்புட் அல்லது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்று அறுந்திருந்தாலோ அனுபவமுள்ள டெக்னீஷியனிடம் ஒப்படையுங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு காலுக்கும் நேரே நீங்கள் அளந்த மின்னழுத்தத்தைப் பென்சிலால் எழுதி அதையும் கூடக் கொடுத்தால், அவர் தேடும் நேரத்துக்கான கூலி மிச்சமாகும்.